திரையில் விடுபட்ட முன்கதையைக் காமிக்ஸில் தேடிப் படிப்பது படத்துக்கு வலுவா, குறையா?

தென்கரை வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஜே. ஜே. ஆப்ராம்ஸ் இயக்கி 2009இல் வெளிவந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அதில் வில்லனாக வரும் நீரோ ஒரு கோளையே அழிக்கும் அளவுக்கு, நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் மீது வன்மம் கொண்டிருக்கிறான். அந்த வன்மத்தின் காரணம், முதியவரான ஸ்பாக் தன் மனத்தை மற்றொரு நாயகனான கர்க்கின் மனத்தோடு இணைத்துக் காட்டும் சில நிமிடக் காட்சியில்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நீரோவின் தாய்க்கோளான ரோமுலஸ் அழிந்தது, ஸ்பாக் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை, நீரோவின் மனைவி இறந்துபோனாள் என்ற அளவோடு படம் நகர்ந்துவிடுகிறது.

அதே ஆண்டில், படம் திரைக்கு வருவதற்கு முன்பே, ஐடிடபிள்யூ நிறுவனம் ‘கவுண்டவுன்’ என்ற நான்கு இதழ்க் காமிக்ஸை வெளியிட்டிருந்தது. படத்தின் திரைக்கதையாசிரியர்களான ராபர்டோ ஓர்சியும் அலெக்ஸ் கர்ட்ஸ்மனும் கதைக்கருவைக் கொடுக்க, மைக் ஜான்சனும் டிம் ஜோன்ஸும் எழுத, டேவிட் மெசினா வரைந்த அந்தக் காமிக்ஸில் நீரோவின் முழுக்கதையும் இருக்கிறது. அதைப் படித்தபின் படத்தைப் பார்த்தால் நீரோ எனக்கு வேறு மனிதனாகவே தெரிகிறான்.

இதனால் என் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுந்துள்ளன. ஒரு முக்கியப் பாத்திரத்தின் நோக்கத்தையே படத்துக்கு வெளியே, எல்லாப் பார்வையாளர்களும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த ஓர் இதழில் வைப்பது முறையா? அடுத்து, பின்னால் வரும் படமோ தொடரோ அந்தக் காமிக்ஸைப் பொருட்படுத்தாமல் வேறு கதை சொல்லிவிட்டால், நாம் படித்த அந்த முன்கதைக்கு என்ன மதிப்பு மிஞ்சுகிறது? இத்தகைய காமிக்ஸ்களைத் தொடர்ந்து படித்துவருபவர்கள், உண்மையிலேயே ஒரு படத்தை ஆழப்படுத்தியவை எவை என்று காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். வெறும் பட்டியல் எனக்குத் தேவையில்லை.

விண்கலன்

நண்பரே, உங்கள் முதல் கேள்விக்கு ‘கவுண்டவுன்’ காமிக்ஸை வைத்தே விடை சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் இந்த வகையின் சிறப்பும் சிக்கலும் அதில் ஒருங்கே இருக்கின்றன.

அந்தக் காமிக்ஸில் நாம் முதலில் காணும் நீரோ, நராடா என்ற சுரங்கக் கப்பலின் தலைவன். அவன் போர்வீரனும் அல்லன், அரசியல்வாதியும் அல்லன். ஹோபஸ் என்ற விண்மீன் வெடித்து ரோமுலஸை விழுங்கப்போகிறது என்று ஸ்பாக் ரோமுலன் ஆட்சிமன்றத்தில் எச்சரிக்கும்போது, அதை அங்குள்ளவர்கள் ஏற்க மறுக்கிறார்கள். அந்த மன்றத்துக்கு வந்திருக்கும் நீரோதான் ஸ்பாக்கை நம்புகிறான். அதுமட்டுமன்றி, ஆபத்தைத் தடுக்கத் தேவையான கனிமத்தைத் தன் கப்பலிலேயே தோண்டித் தருவதாகவும் முன்வருகிறான். அதைப் பயன்படத்தக்க பொருளாக மாற்றும் தொழில்நுட்பம் ஸ்பாக்கின் இனத்தவரான வல்கனியரிடம் இருக்கிறது. அவர்கள் தயங்குகிறார்கள், காலம் கடந்துபோகிறது, ரோமுலஸ் அழிகிறது, கருவுற்றிருந்த அவன் மனைவியும் அதோடு போகிறாள். ஆகவே, தான் முழுமையாக நம்பிய ஒருவர் தன்னைக் கைவிட்டார் என்று எண்ணும் மனிதனின் சினம் அது. படத்தில் வரும் நீரோவின் கத்தலுக்குப் பின்னால் இந்த நம்பிக்கை இருந்தது என்று தெரிந்தபிறகு, அவன் ஸ்பாக்கைக் கொல்லாமல் உயிரோடு நிறுத்தி, அவருடைய தாய்க்கோளான வல்கன் அழிவதைப் பார்க்கவைக்கும் செயல், பழிக்குப் பழி என்பதையும் தாண்டிப் பொருள் பெறுகிறது.

நீரோவும் அவன் ஆட்களும் தலையை மழித்து முகத்தில் பச்சை குத்தியிருப்பதற்கும் காமிக்ஸ் காரணம் சொல்கிறது. ரோமுலன்கள் துக்கத்தின்போது உடலில் தீட்டிக்கொள்ளும் குறிகள் காலப்போக்கில் மறைந்துவிடும், மறையும்போது துக்கமும் முடிந்ததாகக் கொள்வார்கள். நீரோ அவற்றை மறையாதபடி பொறித்துக்கொள்கிறான். படத்தில் வெறும் ஒப்பனையாகத் தெரிந்த ஒன்றை ஒரு பாத்திரத்தின் முடிவாக மாற்றிக் காட்டிய அந்த இடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இதைச் சொல்லப் படத்தில் இடமில்லை. இருந்திருந்தாலும், கர்க்கும் ஸ்பாக்கும் நண்பர்களாக மாறும் கதையின் வேகத்தை அது தடுத்திருக்கும்.

அதேவேளை, காமிக்ஸின் குறையையும் சொல்லவேண்டும். பிக்கார்ட் தூதராகவும், டேட்டா எண்டர்பிரைஸ் கப்பலின் தலைவராகவும், வோர்ஃப் கிளிங்கன் தளபதியாகவும், ஜார்டி கப்பல் வடிவமைப்பாளராகவும் வந்து போகிறார்கள். பழைய தொடரின் வாசகர்களை மகிழ்விப்பதற்காகச் சேர்க்கப்பட்ட இந்த வருகைகள் நீரோவுக்கு உரிய பக்கங்களைத் தின்றுவிடுகின்றன. ரூரா பெந்தே சிறையில் நீரோ கழித்த ஆண்டுகள் படத்துக்காகப் படமாக்கப்பட்டு, பின்னர் வெட்டப்பட்டன. அவற்றை அதே ஆண்டில் வந்த ‘நீரோ’ என்ற தனிக் காமிக்ஸ் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாத்திரம் நிறைவுபெறும்.

ஆகவே, முறையா என்று கேட்டால், நோக்கத்தை முற்றிலும் வெளியே வைப்பது முறையன்று என்பேன். நோக்கத்தின் கருவைப் படத்தில் சொல்லிவிட்டு, அதன் வேர்களைக் காமிக்ஸில் விரிப்பது முறையே. 2009 படம் இந்த எல்லையில்தான் நிற்கிறது. ஆனால் 2013இல் வந்த அடுத்த படத்தில் வில்லனாக வரும் கான் ஏன் பழைய ஸ்டார் ட்ரெக் படத்தில் நாம் பார்த்த மனிதனைப்போல இல்லை என்ற கேள்விக்குப் படத்தில் பதிலே இல்லை. அவனுடைய முகத்தையும் நினைவையும் மாற்றிவிட்டார்கள் என்று பின்னர் ‘கான்’ என்ற காமிக்ஸ் வந்து சொல்லவேண்டியிருந்தது. இது வேரை விரிப்பதன்று, படம் விட்ட ஓட்டையை அடைப்பது. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்க்காவிட்டால், எந்தக் காமிக்ஸைப் பாராட்டுவது என்பதில் குழப்பமே மிஞ்சும்.

கறுப்பு மை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஏலியன் காமிக்ஸ்களின் வரலாற்றைவிடத் தெளிவான பதில் வேறில்லை.

1986இல் வந்த ஏலியன்ஸ் படத்தின் முடிவில் நாயகி ரிப்ளி, ஹிக்ஸ் என்ற படைவீரன், நியூட் என்ற சிறுமி ஆகிய மூவரும் கொடிய வேற்றுக்கோள் உயிரினங்களிடமிருந்து உயிர்தப்பிப் போகிறார்கள். 1988இல் டார்க் ஹார்ஸ் நிறுவனத்துக்காக மார்க் வெர்ஹைடன் எழுதி மார்க் நெல்சன் கறுப்பு வெள்ளையில் வரைந்த ஏலியன்ஸ் காமிக்ஸ் அந்த முடிவிலிருந்து சில ஆண்டுகள் தள்ளித் தொடங்குகிறது. நியூட் வளர்ந்து, இரவுகளின் கொடுங்கனவுகளோடு மனநல மருத்துவமனையில் அடைபட்டிருக்கிறாள். ஹிக்ஸ் முகத்தில் தழும்போடும் குடிப்பழக்கத்தோடும் தனித்துக் கிடக்கிறான். உயிர்தப்பியவர்களுக்கு அதன்பின் என்ன ஆகும் என்பதைப் படம் கேட்கவில்லை. காமிக்ஸ் கேட்டது. அந்த உயிரினங்களைத் தெய்வமாக எண்ணும் ஒரு கூட்டம், அவற்றை ஆயுதமாக்கத் துடிக்கும் நிறுவனங்கள், இறுதியில் பூமியே அவற்றிடம் வீழ்வது என்று கதை விரிகிறது. நெல்சனின் கோடுகள் இன்றும் என்னை அச்சுறுத்துகின்றன. படத்தின் இருளைக் கறுப்பு மையால் மட்டுமே அவர் மீட்டெடுத்திருக்கிறார்.

பின்னர் 1992இல் டேவிட் ஃபின்சரின் ஏலியன் 3 வந்தது. படத்தின் தொடக்கத்திலேயே ஹிக்ஸும் நியூட்டும் இறந்துவிடுகிறார்கள். காமிக்ஸ் கட்டியெழுப்பிய கதைக்கு ஒரே நொடியில் அடித்தளம் இல்லாமல் போயிற்று. பதிப்பகம் என்ன செய்தது தெரியுமா? மறுபதிப்புகளில் ஹிக்ஸின் பெயரை வில்க்ஸ் என்றும், நியூட்டின் பெயரை பில்லி என்றும் மாற்றியது. ஓவியங்களும் கதைப்போக்கும் அப்படியே இருக்க, பெயர்கள் மட்டும் வேறாயின. பல ஆண்டுகள் வாசகர்கள் அந்த மாற்றுப் பெயர்களோடுதான் அக்கதையைப் படித்தார்கள். 2016இல், படத்தின் முப்பதாம் ஆண்டு நினைவாக வெளியான பதிப்பில்தான் ஹிக்ஸும் நியூட்டும் தங்கள் பெயர்களைத் திரும்பப் பெற்றார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: படம் அந்தக் கதையை ரத்துசெய்தது உண்மை, ஆனால் ரத்தான கதையை இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதன் மூல வடிவில் பதிப்பிக்கும்படி வாசகர்கள் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். கதைவரிசைக்குள் அது அடங்குகிறதா இல்லையா என்பது உரிமம் வைத்திருப்பவர்களின் கணக்கு. நியூட்டின் கொடுங்கனவுகள் ஏலியன்ஸ் படத்தின் மகிழ்ச்சியான முடிவை நான் பார்க்கும் விதத்தை மாற்றிவிட்டன, அந்த மாற்றத்தை எந்தப் படத்தாலும் பறிக்க முடியாது.

உங்கள் ‘கவுண்டவுன்’ காமிக்ஸுக்கும் இதே நிலைதான் ஏற்பட்டது. 2020இல் வந்த பிக்கார்ட் தொடரின் முதல் பருவம் ரோமுலஸின் அழிவை ஏற்றுக்கொண்டது, ஆனால் டேட்டா இறந்தது இறந்ததுதான் என்று வைத்துக்கொண்டது. காமிக்ஸில் கப்பல் தலைவராக நின்ற டேட்டாவுக்கு அங்கே இடமில்லை. அதனால் நீரோவின் துக்கம் பொய்யாகிவிட்டதா என்ன?

மேலும் ஒன்று. சில நேரங்களில் காமிக்ஸ் சொன்னதைப் படங்களே பின்னால் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஏலியனையும், பிரிடேட்டர் என்ற வேட்டையாடும் வேற்றுக்கோள் உயிரினத்தையும் ஒரே கதையில் மோதவிட்டது டார்க் ஹார்ஸின் காமிக்ஸ்தான். அது வெளிவரத் தொடங்கிய பிறகு, 1990இல் வந்த பிரிடேட்டர் 2 படத்தில், வேட்டையாடியின் கோப்பைச் சுவரில் ஒரு ஏலியன் மண்டையோடு தொங்கியது. இருவரும் மோதும் திரைப்படம் வர 2004 வரை ஆனது.

மணல்மேடு

மேலே எழுதிய இருவரின் ஆர்வத்தையும் மதிக்கிறேன், ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முன்கதை சொல்வதாலேயே ஒரு படம் ஆழமாகிவிடாது. 2015இல் வந்த மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு படத்தையொட்டி வெர்டிகோ வெளியிட்ட காமிக்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் மில்லரே நிக்கோ லாதூரிஸ், மார்க் செக்ஸ்டன் ஆகியோரோடு சேர்ந்து அவற்றின் கதையை அமைத்தார். படைப்பாளியின் கைபட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனாலும் படத்தின் வில்லனான இம்மார்ட்டன் ஜோ ஒருகாலத்தில் கர்னல் ஜோ மூராக இருந்தான் என்று தெரிந்துகொண்டதால் எனக்குக் கிடைத்தது என்ன? படத்தில் அவன் முகமூடியும் மூச்சுக்குழாயும் மருந்துப்பொடி பூசிய முதுகும் மட்டுமே போதுமானவையாக இருந்தன. நாயகி ஃப்யூரியோசாவைப் பற்றிய இதழோ, ஜோவிடம் அடைபட்ட பெண்களின் துன்பத்தை நேரடியாக விவரிக்கப்போய், படம் எதைக் காட்டாமல் விட்டதோ அதையே காட்டியது. காட்டாமல் விட்டதில்தான் படத்தின் நாகரிகம் இருந்தது என்று நான் கருதுகிறேன். அந்த இதழுக்கு அப்போதே கடும் விமர்சனம் எழுந்தது.

எல்லா மௌனங்களும் நிரப்பப்படவேண்டிய வெற்றிடங்கள் அல்ல.

சித்திரவீதி

மணல்மேடு அவர்கள் சொன்னதோடு பாதி உடன்படுகிறேன். நிரப்பவேண்டிய மௌனம் எது, விட்டுவிடவேண்டிய மௌனம் எது என்று தெரிந்த எழுத்தாளர் கிடைத்தால் நிலைமை வேறு. அதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த சான்று, கீரன் கில்லன் எழுதி சால்வடோர் லாரோகா வரைந்து, 2015இல் மார்வெல் தொடங்கிய, ஸ்டார் வார்ஸ் வில்லனைப் பற்றிய ‘டார்த் வேடர்’ காமிக்ஸ் தொடர்.

முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் முடிவில், பேரரசின் டெத் ஸ்டார் என்ற போர்நிலையத்தை அழித்த விமானி யார் என்று வேடருக்குத் தெரியாது. 1980இல் வந்த அடுத்த படத்தின் தொடக்கத்தில் அவர் ஸ்கைவாக்கர் என்ற இளைஞனை வெறியோடு தேடிக்கொண்டிருக்கிறார். இடையில் அந்தப் பெயரை அவர் எப்படி, யாரிடமிருந்து, எந்த மனநிலையில் அறிந்தார்? ஒரு தந்தை தன் மகன் உயிரோடிருப்பதை அறியும் கணம் அது. அந்தத் திரைத்தொடரின் மிகப் பெரிய கணங்களில் ஒன்றான அது, எந்தப் படத்திலும் இல்லாமல் இரண்டு படங்களின் இடைவெளியில் விழுந்துகிடந்தது. காமிக்ஸின் ஆறாவது இதழில், தேடிச்சென்ற கூலி வேட்டைக்காரன் போபா ஃபெட் வெறுங்கையோடு திரும்பி வந்து, தனக்குக் கிடைத்தது ஒரு பெயர் மட்டுமே என்று சொல்கிறான். ஸ்கைவாக்கர் என்ற பெயரைக் கேட்ட வேடர் பேசுவதில்லை. பழைய நினைவுகள் ஒவ்வொரு கட்டமாக வந்துபோகின்றன, பேரரசர் தன்னிடம் சொன்னது பொய் என்று அவருக்கு விளங்குகிறது, எதிரே இருக்கும் கண்ணாடி விரிசல் விடுகிறது. முகமூடி அணிந்த ஒருவரின் உணர்ச்சியை முகத்தில் காட்டமுடியாது என்ற தடையையே லாரோகா தன் பலமாக்கிக்கொண்டார்.

இதற்கு ஒரு விளைவும் உண்டு. அந்த 1980 படத்தின் 2004 டிவிடி பதிப்பில் மாற்றியமைக்கப்பட்ட உரையாடலில், அந்த இளைஞன் அனாகினின் (வேடரின் பழைய பெயர்) மகன் என்று பேரரசர் சொல்ல, அது எப்படிச் சாத்தியம் என்று வேடர் கேட்கிறார். காமிக்ஸைப் படித்தவர்களுக்கு இப்போது அது வியப்பாகத் தெரியாது, தெரிந்ததை மறைத்துத் தன் எசமானரிடம் நடிக்கும் ஒருவரின் சொல்லாகத் தெரியும். படத்தின் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஒரு காட்சியின் பொருளை மாற்றுவதுதான் இந்தக் காமிக்ஸ்கள் செய்யக்கூடிய உயர்ந்த வேலை என்று நான் நம்புகிறேன்.

ரத்தாவதைப் பற்றிக் கறுப்பு மை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2014இல் லூகாஸ்ஃபிலிம் அதுவரை வெளிவந்திருந்த விரிவாக்கக் கதைகளையெல்லாம் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கி, அதிகாரபூர்வமான வரிசையிலிருந்து நீக்கியது. அவற்றில் ஒன்று, 1991இல் டாம் வீச் எழுத கேம் கென்னடி வரைந்த ‘டார்க் எம்பயர்’. இறந்துபோன பேரரசர் புதிய உடலில் திரும்பி வருவதுதான் அதன் கரு. 2019இல் வந்த படத்திலோ பேரரசர் மீண்டும் வந்து நின்றார்.

மேட்ரிக்ஸைக் குறிப்பிடாமல் முடிக்க மனமில்லை. முதல் படம் வெளிவந்த 1999இலேயே அதன் இணையதளத்தில் காமிக்ஸ்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று, படத்தின் காட்சி வடிவமைப்பில் பணியாற்றிய ஜெஃப் டாரோ வரைய, வச்சோவ்ஸ்கிகளின் எழுத்தில் வந்த கதை. பி1-66ஈஆர் என்ற வேலைக்கார இயந்திரம், தன்னை அழிக்கவிருந்த உரிமையாளரைக் கொன்று நீதிமன்றத்தில் நிற்கிறது. தான் சாக விரும்பவில்லை என்பதே அதன் வாதம். மனிதருக்கும் இயந்திரங்களுக்கும் நடந்த போரை முதலில் தொடங்கியது யார் என்று தெரியாது என மார்ஃபியஸ் படத்தில் ஒரே வரியில் கடந்துபோவதற்கு, அந்த வழக்கு ஒரு கலங்கவைக்கும் பதிலைத் தருகிறது. 2003இல் வந்த ‘அனிமேட்ரிக்ஸ்’ என்ற அனிமேஷன் தொகுப்பின் ‘செகண்ட் ரெனெசான்ஸ்’ பகுதி இந்தக் கருவிலிருந்தே வளர்ந்தது.

தென்கரை வாசகன்

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. வேர்களை விரிப்பதற்கும் ஓட்டையை அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு மிகவும் உதவியது. மணல்மேடு அவர்களின் எச்சரிக்கையையும் ஏற்கிறேன். இன்னும் ஒரே ஒரு ஐயம்: இவற்றைப் படத்துக்கு முன் படிப்பதா, பின் படிப்பதா? ‘கவுண்டவுன்’ முன்பே வெளியானது என்பதால், முன்பே படிக்கவேண்டும் என்றுதான் அதன் ஆசிரியர்கள் விரும்பினார்களா?

விண்கலன்

வெளியீட்டாளர்களுக்கு முன்பே விற்கவேண்டிய தேவை இருக்கலாம், வாசகருக்கு அந்தத் தேவை இல்லை. என் கருத்தில் பெரும்பாலானவற்றைப் படத்துக்குப் பின்பே படிக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, 2014இல் இன்டர்ஸ்டெல்லர் வெளிவந்தபோது கிறிஸ்டோபர் நோலன் எழுதி ஷான் மர்ஃபி வரைந்த ‘அப்சல்யூட் ஜீரோ’ என்ற சில பக்கக் காமிக்ஸ் வயர்ட் இதழில் வந்தது. பனிக்கோளில் விண்வெளி ஆய்வாளர் டாக்டர் மேன் தனித்திருந்த நாள்களைப் பற்றியது அது. மேனை நாம் முதலில் அறியவேண்டியது படத்தில் அவர் கண்விழிக்கும்போதுதான். அதற்கு முன்பே காமிக்ஸைப் படித்தால், படம் உங்களுக்காகக் கட்டிவைத்த நம்பிக்கை கைநழுவிப் போகும்.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம். 2013இல் வந்த பசிஃபிக் ரிம் படத்துக்கு, அதன் திரைக்கதையில் பங்காற்றிய ட்ராவிஸ் பீச்சம் எழுதிய ‘டேல்ஸ் ஃப்ரம் இயர் ஜீரோ’. கைஜூ எனப்படும் பேருருவ விலங்குகளில் முதலாவது சான் ஃபிரான்சிஸ்கோவைத் தாக்கியதையும், இரண்டு மனங்கள் இணைந்தால்தான் பேரியந்திரத்தை இயக்கமுடியும் என்பதை அறிவியலாளர்கள் கண்டறிந்ததையும் அது சொல்கிறது. படத்தின் தொடக்கம் இவற்றைச் சில நிமிடங்களில் தானே சொல்லிவிடுவதால், முன்பு படித்தாலும் எதுவும் கெடாது.

கறுப்பு மை

விண்கலன் சொல்லும் வரிசையே எனக்கும் ஏற்புடையது. அதோடு ஒரு பரிந்துரை. 2005இல் வந்த செரினிட்டி படத்தில் புக் என்ற பாதிரியார் தன் கடந்தகாலத்தைச் சொல்லாமலே இறந்துபோகிறார். 2010இல் ஜாஸ் வீடனும் ஸாக் வீடனும் எழுத, கிறிஸ் சாம்னி வரைந்த ‘த ஷெப்பர்ட்ஸ் டேல்’ அந்த வாழ்க்கையை இறப்பிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு கட்டமாகக் குழந்தைப் பருவம்வரை கொண்டுசெல்கிறது. பின்னோக்கிச் செல்வதால், ஒவ்வொரு விடையும் முந்தைய பக்கத்தில் பார்த்ததை மாற்றிக்கொண்டே போகிறது. மணல்மேடு அவர்கள் விரும்பும் மௌனத்தையும் அது முழுவதுமாகக் கலைத்துவிடவில்லை, நீங்களும் படித்துப் பாருங்கள் ஐயா. ஏலியன்ஸ் வாங்குவதானால் 2016 பதிப்பையே தேடுங்கள். ஹிக்ஸ், நியூட் என்ற பெயர்களோடு படிப்பதற்கும் மாற்றுப் பெயர்களோடு படிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.